அக்டோபர் 26-இல் வாங்கிய பஞ்சு

நவம்பர் 18, திங்கள்

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

இருபத்தெட்டு ஆண்டுகள் எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் நின்றேன். சென்ற ஆண்டு என்னை மேல்மாடிக்கு அனுப்பி, மற்றவர்கள் செய்த சோதனைத் தாள்களைச் சரிபார்க்கும் மேசை ஒன்றைக் கொடுத்தார்கள். ‘சீனியர்’ என்றார்கள். பேசாமல் இருந்தேன். பல்கலைக்கழகத்தில் நான் ஆறு மாதம் செய்த சோதனையைப் பேராசிரியர் வேறொருவன் பெயரில் அச்சிட்டார். பேசாமல் இருந்தேன். மைத்துனர் தன் மகள் கல்யாணத்தில் என்னை மூன்றாம் வரிசையில், மின்விசிறி எட்டாத இடத்தில் உட்கார வைத்தார். அதற்கும் பேசவில்லை. அவரோடும் பேசவில்லை, பதினோரு ஆண்டுகளாக.

ஆனால் கருகிய பஞ்சை நெஞ்சுக்குள் இழுத்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியாது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நெஞ்சுவலி வந்து சிகரெட்டை விட்டேன். அன்றிலிருந்து வேப், அதாவது மின்சிகரெட். காலியானதும் தூக்கிப்போடும் ரகம் அல்ல. கம்பிச் சுருளை நாமே மாட்டி, அதற்குள் பஞ்சுத் திரியை நுழைத்து, ஜூஸ் எனும் நிகோடின் திரவத்தை ஊற்றி இழுப்பது. திரி ஜூஸை உறிஞ்சி ஈரமாக இருக்கும்வரை ஆவி சுகமாக வரும். ஈரம் போதாவிட்டால் சூடான கம்பி பஞ்சைச் சுடும். டிரை ஹிட் என்பார்கள். தொண்டைக்குள் யாரோ தீக்குச்சியை அணைத்ததுபோல் இருக்கும்.

மூன்று வாரமாக இது நடக்கிறது. கிள்ளான் பக்கம் மேருவில் தர்வின் என்பவனின் வேப் கடையில் அக்டோபர் 26-ஆம் தேதி ஒரு பஞ்சு பாக்கெட் வாங்கினேன். அன்றிலிருந்துதான். அதற்குமுன் மூன்று ஆண்டுகளில் இரண்டு முறையோ மூன்று முறையோ.

இந்த நோட்டு சாட்சி. தேதி போட்டு எழுதப்போகிறேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவேன். ஒரே நாளில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது. முதலாண்டு மாணவனுக்கே தெரிந்த விஷயம்.

நவம்பர் 19, செவ்வாய்

வாட் 40-இலிருந்து 30-க்குக் குறைத்தேன். சூடு குறைந்தால் திரிக்கு ஜூஸை இழுத்துக்கொள்ள நேரம் கிடைக்கும். நான்கு இழுப்பு நன்றாக இருந்தது. ஐந்தாவதில் அறைந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

அடுப்படியிலிருந்து மலர், “என்னங்க, ஏதோ கருகுது பாருங்க” என்றாள். அடுப்பைப் போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை. அவளுக்கு எப்போதுமே மூக்கு கொஞ்சம் அதிகம்.

நவம்பர் 21, வியாழன்

வாட் பழையபடி 40. இன்று ஜூஸை மாற்றினேன். கெட்டியாக இருந்தால் திரியில் மெல்ல ஏறும். அதனால் நீர்த்த ரகம். ஒரு இழுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே முப்பது நொடி, கடிகாரம் பார்த்து.

மூன்றாவது இழுப்பிலேயே கருகல்.

நவம்பர் 22, வெள்ளி

கார்த்திகை மாதம் என்பதால் மலர் தினமும் விளக்கு ஏற்றுகிறாள். காலையில் குளித்துவிட்டுச் சாமி அறையில் உட்கார்ந்து திரி திரிக்கிறாள். விளக்குக்கு ஐந்து, எனக்கு இரண்டு. போன மாதத்திலிருந்து என் திரியையும் அவளே திரித்துத் தருகிறாள். புதுக் கண்ணாடி பழகும்வரை நுணுக்கமான வேலை வேண்டாமே என்றுதான். அவள் திரிப்பது முனை விறைப்பாக இருப்பதால் சுருளுக்குள் ஒரே குத்தில் நுழைந்துவிடுகிறது. வசதி.

இது விசாரணைக்குத் தேவையில்லாத விவரம். முழுமைக்காக எழுதுகிறேன்.

நவம்பர் 24, ஞாயிறு

கடைக்குப் போனேன். தர்வினுக்கு முப்பது வயதிருக்கும். கையெல்லாம் பச்சை குத்தியிருக்கிறான். உள்ளே இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்.

“வாங்க அங்கிள்! என்னா, மொகம் சரியில்ல?”

“உன் பஞ்சு சரியில்ல.”

“என் பஞ்சா? கொடுங்க பாப்போம்.”

என் வேப்பின் வாய்ப்பகுதியைக் கழற்றிவிட்டுத் தன்னுடையதை மாட்டி ஓர் இழுப்பு இழுத்தான். இருமினான். பிறகு மூக்கைச் சுருக்கிக்கொண்டு சிரித்தான்.

“அங்கிள், இதுல கோயில் வாசனை வருது லா! சாமி கும்பிட்டுகிட்டே இழுப்பீங்களா?”

மற்ற இருவரும் சிரித்தார்கள். ஒருவன், “டேய், எனக்கும் அந்த ஃப்ளேவர் ஒன்னு குடுடா, அம்மா திட்டமாட்டாங்க” என்றான்.

நான் சிரிக்கவில்லை. “ஒரு மாசத்துக்கு முன்னாடி இந்தப் பிரச்சனை இல்ல. பாக்கெட் மாறிச்சு, பிரச்சனை வந்துச்சு. இதுக்குப் பதில் சொல்லு.”

அவன் மூடியைத் திறந்து பார்த்தான். “திரி ரொம்ப முறுக்கா இருக்கு அங்கிள். இப்படி இறுக்கிட்டா ஜூஸ் எப்படி ஏறும்? பஞ்ச லேசா, தூக்குனா வழுக்கிட்டு வர்ற மாதிரி விடணும். வாலையும் கொஞ்சம் சீவி விடுங்க. நீங்க பழைய ஆளு, ஒங்களுக்குத் தெரியாததா?”

“தெரியும். அதனாலதான் பஞ்சு சரியில்லன்னு சொல்றேன்.”

அவன் புதிதாகப் பஞ்சை வெட்டி, போட்டுப் பாருங்கள் என்று வேப்பை என் பக்கம் தள்ளினான். நான் போட முயன்றேன். அப்போது அவன் ஒன்று சொன்னான். அந்த இரண்டு பேர் முன்னால். அதை இங்கே எழுத மாட்டேன். வேப்பைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

சாமி கும்பிடுவதைக் கேலி செய்பவனிடம் நல்ல சரக்கு எப்படி இருக்கும்?

நவம்பர் 26, செவ்வாய்

இந்தப் பேனா எழுத்தைச் சிறிதாக்குகிறது. முதல் பக்கத்தோடு ஒப்பிட்டால் பாதிதான் இருக்கிறது. மாற்ற வேண்டும்.

நவம்பர் 28, வியாழன்

இன்று விடுப்பு. கம்பிச் சுருளையே மாற்றினேன். ஆறு சுற்று, உள்விட்டம் மூன்று மில்லிமீட்டர். மேசை சமமாக இல்லாததால் திருகு நான்கு முறை கீழே விழுந்தது. மலர் தரையில் தவழ்ந்து தேடிக் கொடுத்தாள். ஐந்தாவது முறை அவளே திருகியைக் கையில் எடுத்துக்கொண்டு, “எந்தப் பக்கம் திருப்பணும், சொல்லுங்க” என்றாள். சொன்னேன்.

சுருளைச் சூடாக்கிப் பார்த்தேன். நடுவிலிருந்து இரு ஓரத்துக்கும் ஒரே சீராகச் சிவந்தது. குறை சொல்ல முடியாது. அவளுடைய திரியை நுழைத்தேன். ஜூஸ் ஊற்றி, ஊறுவதற்கு இருபது நிமிடம் விட்டேன்.

இரண்டாவது இழுப்பு.

காரில் ஒரு சிகரெட் பெட்டி இருக்கிறது. நேற்று வாங்கியது. பிரிக்கவில்லை. மலருக்குத் தெரியாது.

நவம்பர் 30, சனி

கண்டுபிடித்துவிட்டேன்.

வாட் இல்லை, ஜூஸ் இல்லை, கம்பி இல்லை. மிஞ்சுவது பஞ்சு. திரி ஒன்றை எடுத்து எவர்சில்வர் கரண்டியில் வைத்து, காஸ் அடுப்பில் பிடித்து முழுக்க எரித்தேன். சுத்தமான பஞ்சு எரிந்தால் ஊதினால் பறக்கும் அளவுதான் மிஞ்சும். இதிலோ கரண்டியின் அடியில் வெளிறிய பொடி, விரலில் தேய்த்தால் மெல்லிய நறநறப்பு. கனிமத் தூள். எடை கூடுவதற்குக் கலந்திருக்கிறார்கள். திரியின் இழைகளுக்கு நடுவே தூள் அடைத்துக்கொண்டால் ஜூஸ் எப்படி ஏறும்? அதைத்தான் ஐந்து வாரமாக நெஞ்சுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

முகநூலில் கிள்ளான் வேப் குழுவில் நாலாயிரம் பேர் இருக்கிறார்கள். கரண்டியைப் படம் எடுத்தேன். கடையின் பெயர், தர்வின் பெயர், தேதி எல்லாவற்றையும் எழுதினேன். கீழே என் முழுப் பெயர், பட்டம், ‘ஆய்வக வேதியியலர், 28 ஆண்டு அனுபவம்’.

ஒளிந்துகொண்டு எழுதுகிறவன் அல்ல நான்.

டிசம்பர் 1, ஞாயிறு

நூற்றுத் தொண்ணூறு பேர் பகிர்ந்திருக்கிறார்கள். ‘சார் சொன்னா சரியாத்தான் இருக்கும், படிச்சவரு.’ ‘நானும் அங்கதான் வாங்கினேன், ரெண்டு நாளா இருமல்.’ ‘இந்தக் கடைய சும்மா விடக்கூடாது.’

என் பெயரை ஒரே நாளில் இத்தனை பேர் படித்தது இதுதான் முதல் முறை. காலையிலிருந்து போனைக் கீழே வைக்கவில்லை. சந்தோஷம்தான். மலர் வைத்த சாப்பாடு ஆறிக் கிடக்கிறது.

டிசம்பர் 3, செவ்வாய்

தர்வின் குரல் பதிவு அனுப்பியிருந்தான். சொன்னது சொன்னபடி:

“அங்கிள், நீங்க போட்டத பாத்தேன். கோவமா பேசல. அதே பஞ்சத்தான் நானும் போடுறேன், என் அண்ணனும் போடுறான். நீங்க போடுற வரைக்கும் ஒருத்தரும் கொற சொன்னதில்ல. அந்தப் பாக்கெட்ட எடுத்துட்டு வாங்க, ஒன்னா ஒக்காந்து பாப்போம். தப்பு என்னுதா இருந்தா நானே குழுவுல எழுதறேன், சரியா? கடையில ஆள் வர்றது நின்னு போச்சு அங்கிள். வாங்க.”

பதில் போடவில்லை. சாட்சியைக் குற்றவாளியிடம் யாராவது கொண்டுபோய்க் கொடுப்பார்களா?

டிசம்பர் 5, வியாழன்

மதியம் அந்த வழியாகப் போக வேண்டியிருந்தது. அவசியம் இல்லை, போனேன். கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. வாசலில் ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பஞ்சு பாக்கெட்டுகள், ஆட்கள் திருப்பிக் கொடுத்தவை. பக்கத்தில் தர்வின் முக்காலியில் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை.

எதற்காகப் பார்த்துக்கொண்டிருந்தான்? தன் பஞ்சின் மேல் அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டதா? குற்றம் செய்தவன் அப்படி உட்கார்ந்து தேடுவானா?

டிசம்பர் 7, சனி

ஷா ஆலம் போய் வேறு கடையில், வேறு ரகப் பஞ்சு வாங்கி வந்தேன். மலர் திரித்துக் கொடுத்தாள்.

நான்கு டிரை ஹிட்.

அங்கேயும் கலப்படமா?

டிசம்பர் 8, ஞாயிறு

அதே கரண்டி. புதுப் பாக்கெட்டிலிருந்து நேராகப் பிய்த்த பஞ்சை எரித்தேன். ஊதினேன். பறந்தது. ஒன்றும் மிஞ்சவில்லை.

பிறகு தர்வினின் பாக்கெட். நேராகப் பாக்கெட்டிலிருந்து. அடுப்பை ஏற்றவே மூன்று முறை முயல வேண்டியிருந்தது.

ஒன்றும் மிஞ்சவில்லை. கரண்டி சுத்தமாக இருந்தது.

நவம்பர் 30-ஆம் தேதி நான் திரியை மட்டும்தான் எரித்தேன். பாக்கெட் பஞ்சை எரித்து ஒப்பிடவில்லை. என் மேசைக்கு வரும் தாள்களில் இப்படி ஒரு சோதனை இருந்தால் சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவேன்.

பொடி பாக்கெட்டில் இல்லை. திரியில் இருக்கிறது. பாக்கெட்டுக்கும் திரிக்கும் நடுவே என் வீடுதான் இருக்கிறது.

நவம்பர் 18-ஆம் தேதி எழுதியதைத் திருப்பிப் படித்தேன். ஒரே நாளில் இரண்டை மாற்றக்கூடாது. அக்டோபர் 26-ஆம் தேதிதான் புதுப் பாக்கெட் வாங்கினேன். அன்று மாலை திரியை நுழைக்க முக்கால் மணி நேரம் போராடிவிட்டுப் பஞ்சையும் டப்பாவையும் சுவரில் எறிந்தேன். மலர் ஒன்றும் கேட்காமல் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் காலையிலிருந்து திரி அவள் வேலை.

டிசம்பர் 10, செவ்வாய்

தர்வின் இன்னொரு குரல் பதிவு அனுப்பியிருக்கிறான். கேட்கவில்லை.

டிசம்பர் 11, புதன்

மலரிடம் கேட்க வேண்டும். கேட்டால், ஏன் அவள் திரிக்கிறாள் என்ற பேச்சு வரும். கேட்கவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். விடுப்பு எடுத்தேன். வீட்டைச் சுற்றி வைக்க ஐம்பத்தொரு விளக்கு. காலையிலேயே மலர் சாமி அறையில் பித்தளைத் தட்டோடு உட்கார்ந்துவிட்டாள். நான் கதவருகில் நின்று பார்த்தேன். ஏழு வாரமாக ஒரு நாளும் இப்படி நின்று பார்த்ததில்லை.

பஞ்சைப் பிரித்தாள். பக்கத்தில் இருந்த திருநீற்றுக் கிண்ணத்தில் இரண்டு விரலைத் தொட்டாள். பஞ்சை விரலுக்கு நடுவே வைத்து ஒரே இழுப்பில் முறுக்கினாள். தட்டில் வைத்தாள். மறுபடியும் கிண்ணம். பிசிறு இல்லாமல், கம்பிபோல் நின்றது திரி.

“எனக்கும் இப்படித்தான் திரிப்பியா?”

“வேற எப்படித் திரிப்பாங்க? திருநீறு தொட்டாத்தான் விரல் வழுக்காம முறுகும். எங்கம்மா அப்படித்தான் செய்வாங்க.”

“இது வெளக்கு இல்ல, மலர். நெஞ்சுக்குள்ள போறது.”

“தெரியும். அதான் ஒங்க திரிக்கு மட்டும் ரெண்டு வாட்டி தொடுவேன்.” என்னை நிமிர்ந்து பார்த்தாள். “இந்தக் கருமத்த விடுங்கன்னா விடமாட்டீங்க. போற பொக சாமி திருநீறோட போகட்டுமேன்னுதான். நெஞ்சுக்கு ஒன்னும் ஆவாதுன்னு வேண்டிக்கிட்டுத் திரிக்கிறேன்.”

நான் கிண்ணத்தை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனேன். ஒன்றும் இல்லை. வெறும் பொடி.

“இதுல வாசனை இருக்கா?”

“என்னங்க இப்படிக் கேக்குறீங்க? பத்துமலைக் கோயில்லேருந்து வாங்கிட்டு வந்தது. வீடே மணக்குதே, சந்தனம் கலந்தது.”

கோயில் வாசனை வருது லா, அங்கிள். அவன் கேலி செய்யவில்லை. முகர்ந்ததைச் சொன்னான்.

உட்கார்ந்தேன். தர்வின் விஷயத்தைச் சொன்னேன். கரண்டி, படம், இருநூறு பகிர்வு, அட்டைப்பெட்டி. அவளுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. அவள் முகம் வெளுத்தது.

“நான் செஞ்சதுக்கா அந்தப் பிள்ளைய அசிங்கப்படுத்தினீங்க?”

“நீ செஞ்சதுக்கு இல்ல.”

“பின்ன?”

அவளே சொன்னாள்.

“ஏன் திரி சுத்தறேன்னு இதுவரைக்கும் நான் கேட்டேனா? கண்ணாடின்னீங்க, சரின்னேன். மேசை ஆடுதுன்னீங்க, அட்டைய மடிச்சு வச்சேன். சட்டைக்கு மேல் பட்டன் யாரு போட்டு விடுறா? காப்பிக் கப்ப ஏன் முக்காவாசி ஊத்தித் தரேன்? ஏன், எனக்குக் கண்ணு தெரியாதா? ஒங்க கையி, அது எனக்கும் கையிதாங்க.”

வலது கை மடியில் இருந்தது. பார்த்தோம், இருவரும். சும்மா இருக்கும்போதுதான் அதிகமாக ஆடுகிறது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், எதையோ உருட்டுவதுபோல. மலர் பஞ்சு உருட்டுவதுபோல.

“செவ்வாக்கெழம டாக்டர். நேத்தே நம்பர் எடுத்துட்டேன். வரலைன்னா தங்கச்சி வீட்டுக்குப் போயிருவேன்” என்றாள். பிறகு திரிக்க ஆரம்பித்தாள். இன்னும் முப்பது பாக்கி இருந்தது.

மாலையில் காரிலிருந்த சிகரெட் பெட்டியைப் பிரிக்காமலே குப்பைத் தொட்டியில் போட்டேன். வேப்புக்குத் திரி போடவில்லை. ஐம்பத்தொரு விளக்கும் கருகாமல் எரிந்தன. திரிகளின் மேல் எந்தக் குறையும் இல்லை.

டிசம்பர் 14, சனி

அன்று எழுத மாட்டேன் என்று விட்டதை இன்று எழுதுகிறேன். நவம்பர் 24, கடையில், நான் பஞ்சைச் சுருளுக்குள் நுழைக்க மூன்றாவது முறை முயன்றபோது தர்வின் சொன்னது:

“அங்கிள், கை நடுங்குது. கொடுங்க, நான் போட்டுத் தரேன்.”

அவ்வளவுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை. அந்த இரண்டு வாடிக்கையாளர்களும் தங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று இப்போது நினைவு வருகிறது. ஆலையில் மேலாளர் இதே வார்த்தையைத்தான் வேறு மாதிரி சொல்லி என்னை மேசைக்கு அனுப்பினார். அவரை ஒன்றும் செய்ய முடியவில்லை. இவனைச் செய்ய முடிந்தது.

பழைய பதிவை நீக்கிவிட்டால் போதுமா என்று யோசித்தேன். போதாது. அதைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். வேறு குழுக்களிலும் சுற்றுகிறது. அது நிற்கட்டும். அதற்கு மேலே இது வர வேண்டும். சுருக்கம் அல்ல, விளக்கக் கடிதம் அல்ல. இந்த நோட்டில் இருப்பது இருப்பதுபோல, முதல் வரியிலிருந்து. டிரை ஹிட் வருகிறவர்களுக்கும் உதவும்: திரியை முறுக்காதீர்கள், ஈரமில்லாத சுத்தமான விரலால் தொடுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பஞ்சைக் குறை சொல்லுமுன் பஞ்சையும் எரித்துப் பாருங்கள்.

காலையிலிருந்து தட்டச்சு செய்கிறேன். ஒவ்வோர் எழுத்தும் இரண்டு முறை விழுகிறது. மலர் பாதியைப் படிக்க, நான் தட்ட, நான் படிக்க, அவள் தட்ட, மதியம் ஆகிவிட்டது. என் எழுத்து அவளுக்குப் புரியவில்லை. பின்பக்கங்களுக்குப் பூதக்கண்ணாடி தேவைப்பட்டது. குற்றம் பேனாவின் மேல் இல்லை.

மேருவுக்கும் போய்வந்தேன். கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைச் சீனர், சனிக்கிழமைகளில் இப்போது திறப்பதில்லை என்றார். அந்த இரண்டாவது குரல் பதிவைக் காரில் உட்கார்ந்து கேட்டேன். “அங்கிள், எல்லா பாக்கெட்டையும் பாத்துட்டேன். ஒன்னுலயும் ஒன்னும் இல்ல. ஆனா நீங்க பொய் சொல்ற ஆளு இல்லன்னு தெரியும். அதான் கொழப்பமா இருக்கு.” ஒன்பது நொடி.

கீழே பெயர் போடும் இடம் வந்ததும் நிறுத்தினேன்.

“திட்டும்போது பட்டம், அனுபவம் எல்லாம் போட்டீங்களே” என்றாள் மலர்.

“அப்ப போட்டேன்.”

“இப்ப?”

ஆலையில் இதைப் படித்தால் மேசையும் இல்லை. மைத்துனர் படித்தால், ‘பாத்தியா, சொன்னேன்ல’ என்பார். அவருக்கு அந்தச் சந்தோஷத்தை நான் தருவதாக இல்லை.

“பேர் போடாட்டியும் தெரிஞ்சிரும். அந்தக் கரண்டி ஒன்னு போதும்” என்றாள்.

தெரியட்டும். தெரிந்துகொள்வது அவர்கள் வேலை. நானே சொல்வது என்னால் ஆகாது. இன்றைக்கு ஆகாது. இவ்வளவுதான் நான். தர்வின் இதைவிடப் பெரிய மனதுள்ள ஆளிடம் அகப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதில் வரும் என் மனைவியின் பெயரை மாற்றிவிட்டேன், அவளாகவே கேட்டுக்கொண்டாள். ஷா ஆலம் என்பதும் வேறு ஊர். தர்வின் பெயரை மட்டும் மாற்றவில்லை. அந்தப் பெயர் இந்தக் குழுவில் ஏற்கெனவே இருக்கிறது. நான் போட்டது. அதே எழுத்துகளில், அதே இடத்தில், அது சுத்தமாக வேண்டும்.

குழுவில் பெயரை மறைத்துப் போடும் வசதி இருக்கிறது, என் பெயர் இல்லாமல் இதைப் போடப்போகிறேன். பொத்தானை நானே அழுத்துவேன் என்று மலரிடம் சொல்லியிருக்கிறேன். எத்தனை முறை ஆனாலும்.